பழமனையும் புதுக்கருவியும்

(நமது சங்கத்தின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமும் இலக்கியமும் மாணவர்க்கு ஓதுதலையே தொழிலாகக் கொண்ட எம்மை மின்கருவிகளைப்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். பண்டிதர்க்கும் மின்கம்பிக்கும் யாது தொடர்பு என வினவுவாரும் இவ்வவையில் உளராகலாம். பழைய நூலுக்குப் புத்துரை காண்பவன் மூலத்தின் ஓரெழுத்தும் சிதையாமல் உரையெழுதுதல் வேண்டும். பழைய மனையிற் புதுக்கருவி வைப்பவன் மனையின் ஒரு சுவரும் சிதையாமல் வைத்தல் வேண்டும். இவ்விரு தொழிற்கும் நெறி ஒன்றேயாகலின், யாம் துணிந்து பேசப் புகுந்தோம். குறையுளதாயின் பொறுத்தருள்க.

நம் பொருளை நான்கு கூறாகப் பகுத்துக்கொள்வோம். கருவி அமைத்தல் தகுமோ என்பது முதலாவது. அமைக்குமுன் செய்யற்பாலன யாவை என்பது இரண்டாவது. அமைக்குமாறு யாங்ஙனம் என்பது மூன்றாவது. அமைத்தபின் ஆளுமாறு யாங்ஙனம் என்பது நான்காவது.

தகுமோ தகாதோ

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை முதலிய ஊர்களில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி 1940-களின் தொடக்கம்வரை நம் முன்னோர் எடுத்த மனைகளை நீவிர் அறிவீர்கள். திண்ணையும் முகப்பும் கடந்தால் வானம் தெரியும் வளவு. அதனைச் சூழ்ந்த பத்தி. பத்தியையொட்டி மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் இரட்டை வீடு. அப்பால் இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாயில். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அந்நாட்டு வாணிகம் தளர்ந்தது. அதன்பின் இத்தகைய மனைகள் எழுவது அரிதாயிற்று. 2014-ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைக்குரிய முன்பட்டியலில் இடம்பெற்றன. உலகம் மதிப்பது இருக்கட்டும். நாம் செய்வது யாது? பூட்டிய மனைகள் எத்தனை? தூணும் நிலையும் கழற்றப்பட்டுப் பழம்பொருட் கடைக்குச் சென்றவை எத்தனை? எழுபதாண்டு கடந்த ஆச்சி ஒருத்தி இரண்டாங்கட்டில் ஓரறையில் தனியே வாழ, மற்றை அறைகளெல்லாம் வௌவாலுக்கு உறையுளாகிய மனைகள் எத்தனை? மக்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றார்கள். மனையிற் கூரை ஒழுகுவதும் அவர்க்குத் தெரியாது. ஆச்சி வழுக்கி விழுவதும் தெரியாது. ஈண்டு எழும் கேள்வி அழகைப்பற்றியது மட்டும் அன்று. மனை நிற்குமோ, அதில் மனிதர் வாழ்வரோ என்பதே கேள்வி.

'முன்னோர் மனையில் இயந்திரம் புகுதல் மரபழிவு' என்று சிலர் கூறுகின்றனர். அவர்க்கு யாம் விடை கூறுவோம். முன்னோர் பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் கப்பலிற் கொணர்ந்தனர். வெளியூரினின்று வந்தனவற்றை வளவுக்கும் பத்திக்கும் இயையப் பொருத்தினர். இவ்வழக்கம் நூற்றாண்டுப் பழமையதும் அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரண்மனைக்கு மனைநூல் வல்லார் நிழலளந்து நூலிட்ட செய்தியோடு, அவ்வரண்மனையில் யவனர் செய்த பாவைவிளக்கு எரிந்த செய்தியும் உளது. பாண்டியன் கோயிலில் யவனர் விளக்கு நிற்கலாமெனின், நம் பத்தியில் மறுநாட்டுக் கருவி நிற்றல் குற்றமாகாது. அது நிற்கும் முறையே ஆராயற்பாலது.

அம்முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு மேனாட்டில் உளது. இங்கிலாந்தின் வடபால் நார்தம்பர்லாந்தில் கிராக்சைடு என்னும் மாளிகை இருக்கின்றது. அதனை உடையார் வில்லியம் ஆம்ஸ்டிராங் என்னும் பொறியறிஞர். அவர் 1878-இல் தம் நிலத்து நீர்விசையால் மின்சாரம் ஆக்கி மாளிகையில் ஒளியேற்றினார். 1880-இல் ஜோசப் சுவான் கண்ட இழைவிளக்குகளை அமைத்தார். அவருடைய நூலறையில் செம்பின்மேற் பூச்சுவேலை செய்த பூச்சாடிகள் இருந்தன. அவற்றை அவர் அகற்றவில்லை. மேலே ஒரு கம்பியும் ஒட்டவில்லை. சாடியின் செம்பையே மின்சாரம் மீளும் வழியாக்கினார். உள்ளே ஒரு கம்பியைச் செலுத்தி, அதன் நுனி பீடத்திலுள்ள பாதரசக் கிண்ணத்தில் தோயுமாறு செய்தார். சாடியைப் பீடத்தில் வைத்தால் விளக்கு எரியும், எடுத்தால் அணையும். பழம்பொருள் தன் உருவம் மாறாமலே புதுத்தொழில் செய்தது. இதனினும் சிறந்த பாடம் நமக்கு வேண்டுவதில்லை. ஆகவே அமைத்தல் தகும் என்று முடித்து மேற்செல்வோம்.

முற்படச் செய்யற்பாலன

கருவி வாங்கக் கடைக்குச் செல்லுமுன் செய்யவேண்டுவன மூன்று உள.

முதலாவது கூரை. ஓடு உடைந்து மழைநீர் உத்தரத்தில் இறங்கும் மனைக்கு ஈரம் காட்டும் கருவி வாங்கி வைத்தல், காய்ச்சற்காரனுக்கு மருந்து கொடாமல் வெப்பமானி மட்டும் கொடுத்தல் போலாம். கையிலுள்ள பொருள் கூரைக்கே போதுமாயின் கூரையையே செய்க. கருவி அடுத்த ஆண்டு வரட்டும்.

இரண்டாவது மின்கம்பி. பல மனைகளில் இன்னும் மரச்சட்டத்துள் ஓடும் பழங்கம்பியே உளது. அதன் மேலுறை ரப்பரும் பருத்திநூலும் ஆகும். ஆண்டுகள் பல கழிந்தமையால் அவ்வுறை உலர்ந்து, தொட்டால் உதிரும். அதன்மேற் புதுக்கருவி பூட்டுதல் தேக்குமரக் கூரையின் கீழ் நெருப்பை வைத்தலேயாகும். உரிமம் பெற்ற மின்பணியாளரைக்கொண்டு கம்பி முழுவதையும் மாற்றுக. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு ஸ்விச்சு ஒன்று அமைக்க. நல்ல எர்த்துக் கம்பி இடுக. இடிமின்னலாற் பெருகும் மின்னழுத்தத்தைத் தாங்கும் காப்புக்கருவியை மெயின் பலகையிலேயே வைக்க. ஐப்பசி கார்த்திகை இடிகட்கு ஆற்றாமல் கருவிகள் ஒரே இரவிற் கருகிப்போதல் உண்டு.

ஈண்டு ஒரு நுட்பம் அறியத்தகும். பழைய முறையில் மின்சாரம் தரும் கம்பி ஸ்விச்சுக்கு வந்து விளக்குக்குச் செல்லும். மீளும் கம்பியாகிய நியூட்ரல் நேரே விளக்குக்கே சென்றுவிடும். ஸ்விச்சுப் பெட்டியில் நியூட்ரல் இராது. ஸ்விச்சின் பின்னே ஒளிந்திருந்து தொழில் செய்யும் சிறு ரிலேக்களுட் பெரும்பாலானவை நியூட்ரல் இன்றி இயங்கா. ஆதலின் புதுக்கம்பி இழுக்கும்போதே ஒவ்வொரு ஸ்விச்சுக்கும் நியூட்ரலையும் இழுத்துவிடுக. இதனை அன்று மறந்தோர் பின்னர்ச் சுவரை உடைக்க நேரிடும்.

மூன்றாவது சுவர். நம் மனைச்சுவர் சுண்ணாம்புச் சுவர். சங்குச் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்துப் பன்னாள் அரைத்துப் பூசி மெருகேற்றியது. உறவினர் ஒருவர் மனையில், கம்பி புதைத்தற்காகப் பணியாளர் ஒருவர் முகப்புச் சுவரை இயந்திரத்தால் வெட்டி, வெட்டிய வழியைச் சிமெண்டால் அடைத்ததை யாம் கண்டோம். கண்ணாடிபோன்ற சுவரில் ஆறாத தழும்பாக அக்கோடு நிற்கின்றது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்பினது. சிமெண்டு ஈரத்தைச் சிறைசெய்யும். சிமெண்டிட்ட இடத்தைச் சூழப் பூச்சு உப்பிப் பெயர்தற்கு இதுவே காரணம். இங்ஙனம் மெருகிட்ட சுவரை வெட்டற்க. ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தையும் தோண்டற்க. அக்கற்கள் சூளையிற் சுடப்படாமல், கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக்கலவை வார்த்துக் கையாற் செய்யப்படுவன. பெயர்த்த கல்லுக்கு ஒத்த நிறமுடைய மறுகல் கிடைத்தல் அரிது.

அங்ஙனமாயின் கம்பி செல்லும் வழி யாது? முன்னோர் விட்ட வழியே உளது. பழைய மரச்சட்டம் ஓடிய தடத்திலேயே அதே அளவிற் புதிய தேக்குச் சட்டம் செய்து, உள்ளே புதுக்கம்பி ஓட்டுக. மேன்மாடத்து மரத்தளத்தின் மேற்புறமும், உத்தரத்தின் பின்புறமும், நிலையின் மேல்விளிம்பும் கம்பிக்கு உரிய மறைவிடங்கள். நம் ஊர்த் தச்சர் ஒருவரை உடன்வைத்துக்கொண்டால் மின்பணியாளர் வேலையிற் பாதி குறையும்.

அமைக்குமாறு

இனிக் கருவியை நோக்குவோம். நோக்கமின்றிக் கருவி வாங்குவார் பலர். வாயாற் கூவினால் நிறம் மாறும் விளக்கு நமக்கு வேண்டுவதன்று. பழமனைக்குப் பயன்படுவன இவை: உத்தரத்து ஈரம் காட்டுவது, மேற்றொட்டியில் நீர் நிறைந்தவுடன் மோட்டாரை நிறுத்துவது, அடுப்படியில் எரிவாயு கசிந்தாலும் புகை எழுந்தாலும் அறிவிப்பது, பெருங்கதவு திறந்ததும் மூடியதும் தெரிவிப்பது, இரவில் ஆச்சி எழுந்து நடந்தால் பத்தியில் தாழ்ந்த ஒளி தருவது, அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் மக்களையும் அண்டைவீட்டாரையும் ஒருங்கே அழைப்பது. இவ்வாறும் அமைந்தால் மனைக்கு ஒரு காவலும் முதியோர்க்கு ஒரு துணையும் கிடைத்தனவாம்.

ஈரத்தைப்பற்றி ஒரு சொல். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைக் கடந்து நீடிக்குமாயின் பூசணம் பற்றி மரம் உளுத்தற்கு இடமாகும். உத்தரம் சுவரிற் புகும் முனையே முதலில் உளுப்பது. அதுவே கண்ணுக்குத் தெரியாததும் ஆகும். அம்முனையருகே சிறு ஈரமானி ஒன்று வைத்தால், கடல்கடந்திருக்கும் மகன் தன் கைப்பேசியிற் கண்டு கொத்தனாரை அனுப்பலாம்.

இக்கருவிகள் தம்முட் பேசுவது கம்பியில்லா அலையால். தடித்த சுவர் அலையை மெலிவிக்கும். இரும்புப்பெட்டியும் ரசம்பூசிய பெரிய கண்ணாடியும் அதனைத் தடுக்கும். ஆகலின் ஒரு வைஃபைப் பெட்டியை முகப்பில் வைத்து இரண்டாங்கட்டுக்கு எட்டுமென நம்புதல் வீண். வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலையினும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை நன்கு கடக்கும். ஆனால் மனையின் அமைப்பே நமக்குத் துணைசெய்கின்றது. வளவு திறந்தவெளியன்றோ! பத்தியின் உத்தரத்தின்மேல், வளவை நோக்குமாறு பெட்டியை வைத்தால், அலை வானவெளி வழியே நாற்புறத்துக் கதவுகட்கும் சென்று சேரும். காற்றுக்கும் ஒளிக்கும் வழியாக முன்னோர் விட்ட வளவு கம்பியில்லா அலைக்கும் வழியாயிற்று. இரண்டாங்கட்டுக்கு மட்டும் மரத்தளத்தின் மேலாக ஒரு கம்பி இழுத்து மற்றொரு பெட்டி வைத்தல் நலம்.

சிறு உணர்கருவிகட்கு வைஃபை வேண்டுவதில்லை. ஸிக்பீ, திரெட் என்னும் முறைகள் உள. அவற்றில், மின்னிணைப்பிலேயே இருக்கும் ஒவ்வொரு கருவியும் தனக்கு வந்த செய்தியை அடுத்த கருவிக்குக் கடத்தும். களத்தில் நிற்போர் நெல்மூட்டையைக் கைமாற்றி வண்டியில் ஏற்றுதல் போலாம். ஆகவே அறைக்கு ஒன்றாக நிறுத்தினால் எத்துணை நீண்ட மனையாயினும் செய்தி கடைசிக்கட்டுவரை செல்லும். 2022-இல் வெளிவந்த மேட்டர் என்னும் பொதுவிதி, பல நிறுவனத்தார் கருவிகள் ஒன்றோடொன்று பேச வழிசெய்தது. அவ்விதிக்கு இயைந்த கருவியை வாங்குவார் ஒரே நிறுவனத்துக்கு அடிமையாக வேண்டுவதில்லை.

ஸ்விச்சைக் குறித்து யாம் அழுத்திக் கூறுவோம். பித்தளை மூடியும் பீங்கான் அடியும் உடைய பழைய ஸ்விச்சுகளைக் கழற்றிக் குப்பையில் எறிதல் பலர் வழக்கமாயிற்று. அது வேண்டா. உட்பகுதி நன்னிலையில் இருப்பனவற்றை மின்பணியாளர் சோதித்து வைத்துக்கொள்ளலாம். பித்தளை மூடிக்கு எர்த்துக் கொடுத்தல் இன்றியமையாதது. அந்த ஸ்விச்சு அமர்ந்திருக்கும் வட்டமரக்கட்டையைச் சிறிது ஆழமாக அதே வடிவிற் கடையச் செய்து, அதனுள்ளே ரிலேயை அடக்கிவிடலாம். பார்ப்பவர்க்கு அப்பச்சி காலத்து ஸ்விச்சே தோன்றும்; தட்டினால் விளக்கு எரியும்; கைப்பேசியாலும் எரியும். நீர்மோட்டாருக்கு மட்டும் இச்சிறு ரிலே ஆகாது. மோட்டார் தொடங்கும்போது, ஓடும்போதினும் பன்மடங்கு மின்சாரம் இழுக்கும். ஆதலின் தக்க அளவுடைய காண்டாக்டர் வைத்து இயக்குக.

ஆளுமாறு

நான்காவது கூறே தலையாயது. கருவியை மறைத்தல் இருவகைப்படும். விருந்தினர் கண்ணுக்கு மறைத்தல் ஒன்று. அம்மனையில் வாழ்வார் அறிவுக்கு மறைத்தல் மற்றொன்று. முன்னது அழகு, பின்னது வஞ்சனை. இவ்விரண்டனையும் ஒன்றாக மயங்குதலால் விளையும் கேடு பெரிது.

மகன் ஒருவன் அயல்நாட்டிலிருந்து தாயின்மேலுள்ள அன்பால் கேமராக்களை வாங்கி வளவிலும் அடுப்படியிலும் படுக்கையறை வாயிலிலும் பொருத்துகின்றான். அன்பு மெய்யே. ஆயினும் தலைவாரும்போதும் ஈரச்சேலை மாற்றும்போதும் யாரோ பார்க்கின்றார் என்ற எண்ணம் அத்தாய்க்கு வருமாயின், தன் வீட்டிலேயே அவர் விருந்தாளி ஆகிவிடுகின்றார். எம் முடிபு இது: கேமரா தெருவாயிலுக்கும் பின்வாயிலுக்கும் வெளியே நிற்கட்டும், நிலைப்படியைத் தாண்டி உள்ளே வருதல் வேண்டா. உள்ளே கதவு, ஒளி, நடமாட்டம் என்னும் இவற்றைக் காட்டும் கருவிகளே போதும். 'ஆத்தா எழுந்துவிட்டார், அடுப்படிக்குச் சென்றார்' என்று அவை சொல்லும். அவர் முகத்தைக் காட்டா. எதனை வைப்பதாயினும் அவரைக் கேட்டு, அவர் இசைந்தபின் வைக்க. மனையில் வேலைசெய்யும் பெண்மக்களுக்கும் காவற்காரருக்கும் எது எங்கே உளது என்று சொல்லிவிடுக. அவர்க்கும் மானம் உண்டன்றோ?

கேமராவால் நேரும் தீங்கு வீட்டளவில் நிற்பதும் அன்று. 2016-இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாதுவிட்ட கேமராக்களையும் இணையப் பெட்டிகளையும் இலக்கக்கணக்கிற் கைப்பற்றிப் பெரிய இணையதளங்களை முடக்கிற்று. உடையவர் எவரும் அறியவில்லை. ஆதலின் கருவியைப் பெட்டியினின்று எடுத்தவுடன் செய்யும் முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுதலாகுக.

அடுத்தது கருவியின் வாழ்நாள். நம் மனை நூறாண்டு நின்றது. கருவி விற்கும் நிறுவனம் பத்தாண்டு நிற்குமோ? ரெவால்வ் என்னும் இல்லக்கருவி வாங்கியோர்க்கு 2016 மே மாதத்தில் அக்கருவி முற்றும் செயலற்றது; நிறுவனத்தை வாங்கிய நெஸ்ட் அதன் சேவையை நிறுத்திவிட்டமையே காரணம். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்னும் நிறுவனத்தின் சேவை முன்னறிவிப்பின்றி நின்றது. கடல்கடந்த கணிப்பொறியை நம்பி நம் வீட்டு விளக்கு எரிதல் ஆகாது. ஆகவே இணையம் அற்றாலும் மனைக்குள்ளேயே இயங்கும் முறையைத் தேர்க. ஹோம் அசிஸ்டண்ட் போன்ற திறந்த நிரல்கள் அதற்கென்றே உள. சிறு கணிப்பொறி ஒன்றில் அடங்குவன. அதற்குமேல் ஒரு விதியையும் வகுத்துக்கொள்வோம்: கையால் இயக்க இயலாத எக்கருவியும் இம்மனையில் வேண்டா. இணையம் போகலாம், நிறுவனம் போகலாம், அன்றும் ஆச்சி எழுந்து ஸ்விச்சைத் தட்டினால் விளக்கு எரிதல் வேண்டும்.

இறுதியாகப் பங்காளிகளைக் குறித்துக் கூறுவோம். நம் மனை ஒருவர்க்குரியதன்று; பல புள்ளிகட்குப் பொதுவானது. பெருங்கதவின் சாவி யாரிடம் இருப்பது என்று முன்னோர் பேசி வைத்தனர். இன்று மனையின் சாவி கைப்பேசியில் இருக்கின்றது. ஒருவர் கைப்பேசியில் மட்டும் ஆட்சி இருக்குமாயின் அதனால் மனத்தாங்கல் வரும். அவர் காலமாயின் மனையே பூட்டுண்டு நிற்கும். ஆகவே பங்காளிகள் கூடி, யார் யார்க்கு எவ்வளவு ஆட்சி, செலவு எங்ஙனம் பங்கிடுவது, கடவுச்சொல் எழுதிய தாள் எந்தப் பெட்டியில் இருப்பது என்பனவற்றை எழுதிக் கையொப்பமிடுக. கம்பி ஓடும் வழியையும் கருவி இருக்கும் இடத்தையும் படமாக வரைந்து அத்தாளுடன் வைக்க. பின்வரும் தலைமுறை இவற்றைக் கழற்றி எறிய விரும்பினாலும், ஒரு திருகாணித் துளையன்றி வேறு வடு மனையில் இராதபடி அமைத்தலே நம் கடன்.

அன்பர்களே! ஒன்றனை மறவற்க. எக்கருவியும் ஆச்சியோடு அமர்ந்து உண்ணாது. பேரன் வந்தானோ என்று வாயிலை நோக்கும் அவர் கண்ணுக்கு விடை கூறாது. ஈரம் பட்டதைக் கருவி சொல்லும். சென்று பார்க்கவேண்டியவர் நாமே. வீழ்ந்ததைக் கருவி சொல்லும்; தூக்கவேண்டியது மனிதர் கையே. கருவி அமைத்தோம், இனி ஊருக்குச் செல்லவேண்டுவதில்லை என்று எவரேனும் எண்ணுவாராயின், அவர்க்கு இச்சொற்பொழிவாற் பயனில்லை. கருவி தந்த செய்தி கேட்டு முன்னினும் ஒருமுறை மிகுதியாக ஊருக்கு வருவார் எவரோ, அவர்க்கே இவை பயன்படும். அத்தகையோர் நம்முட் பெருகுக! பூட்டிய கதவுகள் திறக்க! வளவுகளில் மீண்டும் குழந்தைகள் ஓடி விளையாடுக!